பெயர்த்துக் கட்டிய வீடு

இங்கிலாந்துச் சரித்திரம் என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ராஜாக்களின் ஜாபிதாதான். எட்டாம் ஹென்றிக்கு எத்தனை மனைவிகள், முதலாம் சார்லஸின் தலை எந்த வருஷம் உருண்டது என்று கேட்டால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ராஜாக்கள் காலத்தில் ஏர் பிடித்தவன் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான், எங்கே படுத்துத் தூங்கினான், மாரிக்காலத்து இரவில் எந்த நெருப்பில் குளிர் காய்ந்தான் என்று கேட்டால் புத்தகங்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. எழுத்தில் இடம் பெறாதவன் அவன். அவன் குடியிருந்த வீடு மட்டும் சிற்சில இடங்களில் மிச்சம் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பேசத் தெரியும். கேட்கிறவனுக்குத்தான் பொறுமை வேண்டும்.

அப்படி மிஞ்சிய வீடு ஒன்றின் கதை இது. அதன் பெயர் பேலீஃப். கென்ட் ஜில்லாவில் சிடிங்ஸ்டன் என்ற கிராமத்தின் எல்லையில் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் நின்ற மரவீடு. இன்று அது அங்கே இல்லை. பக்கத்து ஜில்லாவான ஸஸெக்ஸில், ஸிங்கிள்டன் என்ற ஊருக்கு அருகே, புல்வெளிச் சரிவு ஒன்றில் நிற்கிறது. தூணும் உத்திரமும் கைமரமுமாகப் பிரித்து, ஏற்றிக் கொண்டு போய், மறுபடி அந்தந்த இடத்திலேயே பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். கல் வீட்டையோ செங்கல் வீட்டையோ இடித்தால் கிடைப்பது இடிபாடு. இந்த வீட்டை மட்டும் எப்படிப் பிரிக்க முடிந்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடினால், மறைந்து போன ஒரு தச்சனின் கைவேலை முழுவதும் நமக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் வடக்கிலும் தெற்கிலும் சுண்ணாம்புக் குன்றுகள் இரண்டு வரிசையாக ஓடுகின்றன. நடுவில் கிடக்கும் களிமண் பூமிக்கு வீல்ட் என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தமே காடு. ஒட்டிப் பிடிக்கும் களிமண்ணில் ஓக் மரம் செழித்து வளரும். நல்ல கட்டடக் கல்லை வண்டியில் ஏற்றிச் சேற்றுப் பாதையில் கொண்டு வருவதைவிட, கொல்லைப் புறத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவது எளிது. எனவே பிரபுவின் கோட்டையும் மாதா கோயிலும் கல்லால் எழும்ப, குடியானவன் வீடு மரத்தால் எழும்பியது.

எந்தக் குடியானவனுக்கும் இத்தகைய வீடு வாய்த்துவிடவில்லை. 1348, 1349 வருஷங்களில் கொள்ளைநோய் இங்கிலாந்தை வாரிக் கொண்டு போயிற்று. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், ஒருவேளை பாதியளவுக்கே மாண்டு போனார்கள். உயிர் பிழைத்தவர்களுக்கு நிலம் மலிந்தது; கூலி உயர்ந்தது. ஆளைப் பிடித்து வைத்து அடிமை போல் உழைப்பு வாங்கிய பழைய முறை தளர்ந்தது. கென்ட்டின் குடியானவர்களோ அதற்கு முன்பிருந்தே மற்ற ஜில்லாக்காரர்களைவிடச் சுதந்திரம் மிகுந்தவர்கள். 1381-இல் அரசனையே நடுங்க வைத்த குடியானவர் கலகத்தில் அவர்கள் முன்னணியில் நின்றதும் இதே மண்ணின் குணம்தான். இப்படித் தலையெடுத்த வர்க்கத்துக்கு யோமன் என்று பெயர். பிரபுவும் அல்ல, கூலிக்காரனும் அல்ல; தன் நிலத்தைத் தன் குடும்பத்தோடும் வேலையாட்களோடும் உழுது பயிரிட்டவன். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவன் செய்த முதல் காரியம், பேரன் பேத்தி காலம் வரைக்கும் நிற்கும்படி வீடு கட்டிக் கொண்டதுதான். ஒரு பெரிய மரண ஓலத்துக்குப் பிறகு எழுந்த வீடுகள் இவை என்பதை மறந்துவிடக் கூடாது.

பேலீஃபின் நடுக்கூடமும் ஒரு பக்கத்துச் சிறு அறைகளும் ஏறத்தாழ 1405-க்கும் 1430-க்கும் இடையில் எழுந்தவை. மறு பக்கத்து அறைகள் 1505-க்கும் 1510-க்கும் நடுவில் சேர்ந்தவை. இவ்வளவு நிச்சயமாகச் சொல்லச் சாசனம் ஏதும் உதவவில்லை. மரமே சாட்சி சொல்லியிருக்கிறது. மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் வளர்கிறது. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் அகன்ற வளையம். வாடிய வருஷத்தில் குறுகிய வளையம். ஒரே வட்டாரத்து மரங்களில் இந்த அகல குறுகல் வரிசை ஒத்து வரும். வருஷம் தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஓர் உத்திரம் எப்போது வெட்டப்பட்டது என்று கணக்கிட்டுவிடலாம். பட்டைக்கு அடுத்த கடைசி வளையம் அழியாமல் இருந்துவிட்டால் வெட்டிய பருவம்கூடத் தெரியும். ராஜாக்களின் ஜாபிதாவைவிட நம்பகமான பஞ்சாங்கம் இது.

இந்த மாதிரி வீடுகளுக்கு வீல்ட் வீடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எதிரே நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பெரிய கூரை. வீடு முழுவதற்கும் ஒரே கூரை. அதன் கீழே மூன்று பாகங்கள். இரண்டு ஓரங்களிலும் மாடி உண்டு. மாடி அறைகள் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்புறம் துருத்திக் கொண்டிருக்கும். நடுவில் உள்ள கூடத்துக்கு மாடி இல்லை. தரையிலிருந்து கூரை முகடு வரை ஒரே வெளி. அதனால் நடுச்சுவர் மட்டும் உள்வாங்கி நிற்கும். கூரையின் விளிம்போ நேராக ஓடுகிறது. நடுவில் அது அந்தரத்தில் நிற்க வேண்டியிருப்பதால், இரண்டு பக்கத்திலிருந்தும் வளைந்த மரக்கைகள் எழுந்து அதைத் தாங்கிக் கொள்ளும். தோளுக்கு மேல் ஒரு பாரத்தை இருவர் தூக்கிப் பிடித்தது போன்ற தோற்றம்.

இனித் தச்சனிடம் வருவோம். அவன் காய்ந்த மரத்தில் வேலை செய்யவில்லை. காய்ந்த ஓக் இரும்பு போல் இறுகிவிடும். உளி மழுங்கிப் போகும். வெட்டிய மரம் பச்சையாக, ஈரம் வற்றாமல் இருக்கும்போதே கோடாலியாலும் வாய்ச்சியாலும் செதுக்கிச் சதுரிப்பான். பெரிய அடிமரமாகத் தேடி வாங்கிப் பிளந்து கொள்வதும் அவன் வழக்கம் அல்ல. ஓர் உத்திரத்துக்கு ஒரு மரம், ஒரு தூணுக்கு ஒரு மரம் என்று வேண்டிய பருமனுக்கு ஏற்ற மரத்தைக் காட்டிலேயே பார்த்து வைத்துக் கொள்வான். இங்கிலாந்தின் காடுகளைப் பற்றி ஆயுள் முழுவதும் ஆராய்ந்த ஆலிவர் ராக்கம் என்ற அறிஞர், ஸஃபோக் ஜில்லாவில் ஸ்டான்டன் என்ற கிராமத்திலுள்ள பண்ணைவீட்டின் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கிட்டார். சுமார் 330 மரங்கள்! கேட்டதும் ஒரு காடே அழிந்தது என்று தோன்றும். ஆனால் அவற்றில் அநேகம் இளமரங்கள். வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். விட்டு விட்டு வெட்டினால் காடு காடாகவே இருக்கும். அந்தக் குடியானவனும் தச்சனும் மரத்தைத் தின்றவர்கள் அல்ல, பயிரிட்டுக் கொண்டவர்கள்.

வளைந்த மரத்தையும் அவன் வீணாக்கவில்லை. இயற்கையாக வளைந்த கிளை எங்கே கிடைத்தாலும், அதைக் கூரையின் கீழே முட்டுக் கொடுக்கும் கைகளுக்கு வைத்துக் கொண்டான். இன்னொரு விசித்திரம்: மூலைத் தூண்களை அவன் பெரும்பாலும் தலைகீழாக நிறுத்தினான். வேர்ப்பக்கம் மேலே, நுனிப்பக்கம் கீழே. காரணம் சடங்கு எதுவும் இல்லை. தூணின் உச்சியில் மூன்று மரங்கள் வந்து கூடுகின்றன: தூண், சுவரின் மேல் நீளவாட்டில் ஓடும் உத்திரம், வீட்டைக் குறுக்கே கட்டிப் பிடிக்கும் விட்டம். மூன்றையும் ஒரே இடத்தில் பிடித்து வைக்க வேண்டுமென்றால் தூணின் தலை பருத்திருக்க வேண்டும். மரம் பருத்திருப்பது வேர்ப்பக்கத்தில்தானே? எனவே அதைத் திருப்பி வைத்துவிட்டான். இவ்வளவு எளிதான யோசனைதான். ஆனால் அது முதலில் தோன்றியவன் சாமானிய மூளைக்காரன் அல்ல.

மரத்தோடு மரம் சேரும் இடத்தில் ஆணி கிடையாது. ஒன்றின் முனையை நாக்கு மாதிரி செதுக்குவது கழுந்து. மற்றொன்றில் அதற்கு ஏற்றபடி குடைவது துளை. கழுந்தைத் துளைக்குள் செருகி, இரண்டையும் ஊடுருவும்படி குறுக்கே ஒரு துவாரம் போட்டு, ஓக் முளையை அடித்து இறுக்குவான். இதிலும் ஒரு தந்திரம் உண்டு. கழுந்தில் போடும் துவாரத்தைத் துளையின் துவாரத்துக்கு நேராகப் போடாமல், நூலளவு தள்ளிப் போடுவான். முளை உள்ளே இறங்கும்போது வளைந்து கொண்டு போய், கழுந்தை இன்னும் உள்ளே இழுத்து இறுக்கும். பிறகு பச்சை மரம் வருஷக் கணக்கில் உலர்கிறது, சுருங்குகிறது, முறுக்கிக் கொள்கிறது. முறுக்கிக் கொள்ளக் கொள்ளப் பொருத்து இறுகுகிறது. இன்று அந்த வீடுகளில் எந்தக் கோடும் நேராக இல்லை, தரை சரிந்திருக்கும், கதவு நிலை கோணியிருக்கும். பார்க்கிறவன் இடிந்துவிடுமோ என்று அஞ்சுகிறான். தச்சனைக் கேட்டால், வீடு இப்போதுதான் சரியாக உட்கார்ந்து கொண்டது என்பான்.

எல்லாவற்றையும்விட நம் கதைக்கு முக்கியமானது ஒன்று உண்டு. இந்தச் சட்டத்தை அவன் கட்டும் இடத்தில் வைத்துச் செய்யவில்லை. ஒரு களத்தில் மரங்களைத் தரையில் பரப்பி, சுவர் சுவராகக் கிடத்தி, ஒவ்வொரு கழுந்தையும் அதன் துளைக்கென்றே அளந்து செதுக்கிப் பொருத்திப் பார்ப்பான். சரியாக இருந்தால் கழற்றி வண்டியில் ஏற்றி, வீடு எழும்ப வேண்டிய இடத்துக்குக் கொண்டு போவான். ஒரு கழுந்து இன்னொரு துளைக்குப் பொருந்தாது. மாறிப் போனால் வேலை குட்டிச்சுவர். அதனால் சேரும் இரண்டு மரங்களிலும் ஒரே இலக்கத்தை உளியால் கீறி வைத்தான். எழுத்து வாசனை இல்லாத உதவியாளுக்கும் புரிகிற கோடுகள்: ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு; ஐந்துக்கும் பத்துக்கும் ரோமானிய இலக்கம். நான்குக்கு மட்டும் ரோமானிய முறையை விட்டுவிட்டு நான்கு கோடுகளே போட்டான். ஐந்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டால் நான்கு, பின்னால் போட்டால் ஆறு என்ற ஏற்பாடு புத்தகத்தில் சரி. மரம் தலைகீழாகக் கிடக்கும் களத்தில் குழப்பம்தான் வரும்.

இந்தக் கீறல்களுக்கு வேண்டிய ஆயுள் சில வாரங்கள்தான். வண்டியிலிருந்து இறக்கி, நிறுத்தி, முளை அடித்த பிறகு அவற்றுக்கு வேலை இல்லை. யாரும் ரசிக்க வேண்டும் என்று கீறியவை அல்ல. தச்சனின் பெயரும் அவற்றில் இல்லை. ஆனால் அந்த வீடு பிறந்தபோதே ஒருமுறை கூட்டிப் பிரித்து மறுபடி கூட்டப்பட்ட வீடு என்பதற்கு அவையே அத்தாட்சி. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

சட்டம் நின்றதும் சுவர். தூண்களுக்கு நடுவே ஓக் குச்சிகளை நட்டு, ஹேஸல் என்ற புதரின் மெல்லிய கழிகளை அவற்றினிடையே பாய் முடைவது போல் வரிச்சுப் பின்னுவார்கள். களிமண், நறுக்கிய வைக்கோல், மாட்டுச் சாணம் மூன்றையும் மிதித்துக் குழைத்து இரு பக்கமும் அப்பி, உலர்ந்ததும் சுண்ணாம்பு பூசிவிட்டால் சுவர் தயார். அது பாரம் தாங்காது; காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். பாரம் முழுவதும் மரச்சட்டத்தின் மேல். எனவே சுவர் போனால் புதுச்சுவர் வைத்துக் கொள்ளலாம். சட்டம் போனால்தான் வீடு போயிற்று. மனித சரீரத்தில் தோலுக்கும் எலும்புக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

இந்த வீடுகளைப் பற்றி இரண்டு கட்டுக்கதைகள் உலாவுகின்றன. உடைத்த கப்பலின் மரங்களால் கட்டியவை என்பது ஒன்று. உபயோகமற்ற பழைய துளைகளும் வளைந்த கட்டைகளும் தென்படுவதைப் பார்த்துக் கட்டிய கதை. கடற்கரையை விட்டு வெகு தூரம் உள்ளே இருக்கும் வீட்டுக்கும் அதே கதையைச் சொல்லுகிறார்கள்! அந்தத் துளைகள் பெரும்பாலும் இன்னொரு பழைய வீட்டின் உத்திரம் மறுபிறவி எடுத்ததற்கு அடையாளம். கன்னங்கரேல் என்ற மரமும் பளிச்சென்ற வெள்ளைச் சுவரும்தான் பழமையின் இலட்சணம் என்பது மற்றொன்று. விக்டோரியா ராணியின் காலத்து மோகத்தில் பல வீடுகளுக்குக் கீல் பூசிக் கறுப்பாக்கிவிட்டார்கள். தென்கிழக்கில் ஓக்கை அப்படியே விடுவதுதான் வழக்கம். வெயிலும் மழையும் பட்டு அது வெள்ளிச் சாம்பல் நிறம் கொள்ளும்.

உள்ளே போவோம். பேலீஃபில் ஆறு இடங்கள். நடுவே கூடம். ஒரு பக்கம் பானங்களும் பண்டங்களும் வைக்கும் இரண்டு சிற்றறைகள். மேலே ஒரு படுக்கையறை. மறுபக்கம் குடும்பத்தாருக்கென்று ஓர் அறை. அதன் மேலே எஜமானனும் எஜமானியும் படுக்கும் மாடி. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது; கண்ணாடி பணக்காரர் சரக்கு. மரக்கம்பிகளை மூலைவாட்டில் நிறுத்தி, இரவில் உள்ளேயிருந்து பலகையால் மூடுவார்கள். ஜன்னலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மூல அர்த்தம் காற்றின் கண் என்பது. நாம் பலகணி என்கிறோம். அதிலும் கண்தான் இருக்கிறது. கண்ணாடி வருவதற்கு முன்னால் எந்த நாட்டு மனிதனுக்கும் ஜன்னல் என்றால் சுவரில் திறந்த கண்தான் போலும்.

கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு. புகைபோக்கி இல்லை. ஓக் விறகின் புகை எழுந்து, உயர்ந்த கூரைக்குள் சுழன்று, இடுக்குகள் வழியே மெதுவாக வெளியேறும். ஒரு கோடியில் எதிரெதிராக இரண்டு வாசல். வேலைக்காரர்களும் கோழியும் நாயும் வந்து போகும் கோடி அது. மறு கோடியில் எஜமானன் குடும்பத்தோடு உட்காரும் நீண்ட மேஜை. யாருடைய இடம் எது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, கூடமே சொல்லிவிடும். ஆனாலும் சமைப்பதும் சாப்பிடுவதும் கணக்குத் தீர்ப்பதும் சண்டை போடுவதும் ஒரே கூரையின் கீழ், ஒரே நெருப்பைச் சுற்றி. எஜமானன் கண்ணில் எரிந்த அதே புகைதான் மாட்டுக்காரப் பையன் கண்ணிலும் எரிந்தது. மேலும் கீழும் உண்டு; தனித்தனி இல்லை.

இதை மாற்றியது புகைபோக்கி. பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து குடியானவர் வீடுகளிலும் செங்கல் புகைபோக்கி எழத் தொடங்கியது. எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிஸன் 1577-இல் வெளிவந்த தம் நூலில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் ஊர்க் கிழவர்கள் தங்கள் ஆயுளில் கண்ட பெரிய மாறுதல்கள் என்று மூன்றைச் சொன்னார்களாம்: புகைபோக்கிகள் பெருகியது ஒன்று, படுக்கை வசதி வந்தது ஒன்று, மரக்கிண்ணம் போய் உலோகப் பாத்திரம் வந்தது ஒன்று. ஹாரிஸனுக்கோ இதில் முழுத் திருப்தி இல்லை. புகை வீட்டு மரத்தையும் உறுதியாக்கிற்று, மனிதர்களின் உடம்பையும் காத்தது என்பது அவர் கட்சி. புகையில் இருமிக் கொண்டு கிடந்த எஜமானியைக் கேட்டிருந்தால் வேறு அபிப்பிராயம் கிடைத்திருக்கும்.

புகைக்குத் தனி வழி பிறந்ததும், கூடத்தின் உயரம் தேவையற்றுப் போயிற்று. நடுவில் ஒரு தளம் போட்டு மேலே அறைகள் தடுத்தார்கள். அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். எஜமானன் குடும்பம் ஒரு நெருப்பிடம்; வேலைக்காரர்கள் வேறோர் இடம். 1570-க்கும் 1640-க்கும் இடையில் இங்கிலாந்துக் கிராமங்களில் நடந்த இந்த மாறுதலைப் பெரும் மறுகட்டுமானம் என்று பெயரிட்டு ஹாஸ்கின்ஸ் என்ற சரித்திராசிரியர் 1953-இல் எழுதினார். பிற்பாடு வந்தவர்கள் வருஷக் கணக்கைத் தகராறு செய்தாலும் மாறுதலை மறுக்கவில்லை. பேலீஃபுக்கும் பிற்காலத்தில் அந்தக் கதி வந்தது. வசதியும் அந்தரங்கமும் கிடைத்தன. பொதுக் கூடம் போயிற்று. ஆனால் தளத்துக்கு மேலே இருண்ட பரணில் பழைய கைமரங்கள் புகைக்கரி படிந்து அப்படியே இருந்தன. பழைய வீட்டின் பரணில் விளக்கைப் பிடித்துக் கரியைக் கண்டதும், இங்கே ஒரு காலத்தில் எல்லோருக்கும் ஒரே நெருப்பு இருந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் அறிந்து கொள்கிறார்கள்.

1960-களில் இந்த வீட்டுக்கு யமன் தண்ணீர் ரூபத்தில் வந்தான். குடிநீருக்காக அந்தப் பள்ளத்தாக்கில் பௌ பீச் என்ற நீர்த்தேக்கம் அமைக்க ஏற்பாடாயிற்று. அணையைக் குறை சொல்ல முடியாது; லட்சக்கணக்கான குழாய்களுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் தேக்கத்தின் எல்லைக்குள் வீடுகள் இருந்தன. அதே சமயத்தில் ஸஸெக்ஸில் ராய் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் வேறொரு கவலையில் இருந்தார். யுத்தத்துக்குப் பிறகு புதிய நகரங்கள் எழுந்த வேகத்தில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத பழைய மரவீடுகள் அழிந்து கொண்டிருந்தன. இடத்தோடு காப்பாற்ற முடியாத வீட்டையாவது பெயர்த்துக் கொண்டு வந்து வைக்கலாமே என்று அவரும் நண்பர்களும் முனைந்தார்கள். ஸ்பெயின் ஓவியர் டாலியை ஆதரித்த எட்வர்ட் ஜேம்ஸ் என்ற செல்வந்தரின் எஸ்டேட்டில் இடம் கிடைத்தது. 1970-இல் திறந்தவெளிக் காட்சிசாலை பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. தண்ணீர்க் கம்பெனியார் பேலீஃபை நன்கொடையாகக் கொடுத்தார்கள். 1968, 1969 வாக்கில் வீடு பிரிக்கப்பட்டது.

ஓட்டை இறக்கி, மண்ணை உதிர்த்து, முளைகளை எடுத்தால் சட்டம் கழன்று வருகிறது. அந்தத் தச்சன் அவிழ்க்க முடியாத முடிச்சுப் போடவில்லை. புதிதாக இலக்கச் சீட்டுகளை ஒட்டிப் படமும் வரைந்து கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் எந்த மரம் எதனோடு பிறந்தது, எது பின்னால் செருகியது என்று தெரிந்து கொள்ள வேண்டிய போதெல்லாம் மரவீட்டைப் படிக்கிறவர்களுக்கு உதவுவது பழைய கீறலும், காலியான துளையும், முளை போன துவாரமும்தான். ஒரு மரம் காணாமல் போயிருந்தாலும், அது இருந்த துளை இருக்கும். துளையின் அகலமும் சாய்வும் போன மரத்தின் உருவத்தைச் சொல்லிவிடும். இல்லாததைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் சாசனம் வேறு எது?

ஆனால் வீட்டை எந்தக் கோலத்தில் மறுபடி நிறுத்துவது? அதுதான் கஷ்டமான கேள்வி. ஐந்நூறு வருஷத்தில் எத்தனையோ கைகள் அதில் பட்டிருக்கின்றன. 1877-இல் வில்லியம் மாரிஸ் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் ஸ்தாபித்தபோது அவர் வாதமே இதுதான்: பழைய கட்டடத்தைச் சுரண்டி, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத் திருப்புகிறோம் என்று கிளம்பாதீர்கள், நடுவில் வாழ்ந்தவர்களின் காலமும் சரித்திரமே. ஸிங்கிள்டன்காரர்கள் வேறு வழியைத் தேர்ந்து கொண்டார்கள். பிற்காலத்துப் புகைபோக்கியையும் இடைத்தளத்தையும் விலக்கி, ஏறத்தாழ 1540-இல் இருந்த திறந்த கூடமாக வீட்டைத் திருப்பினார்கள். அக்காலத்து மாதிரியில் மேஜையும் பெட்டியும் கட்டிலும் செய்து வைத்தார்கள். வெங்காயமும் முட்டைக்கோஸும் விளையும் தோட்டம் போட்டார்கள். பக்கத்தில் நிற்கும் களஞ்சியம் கௌஃபோல்ட் என்ற வேறோர் ஊரிலிருந்து வந்தது.

மாரிஸின் கட்சியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். நெருப்பிடத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நூற்றவளும், இடைத்தளத்து அறையில் பிறந்த குழந்தையும் அந்த வீட்டுக்காரர்கள்தாம். அவர்களுடைய நூற்றாண்டுகளுக்கு இந்தக் கூடத்தில் இப்போது சுவடு இல்லை. ஆனால் இந்த வீட்டைப் பொறுத்த வரையில் ஸிங்கிள்டன்காரர்கள் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. தளம் போட்டுத் தடுத்த வீடுகள் இங்கிலாந்தில் ஏராளம் உண்டு. இன்றும் ஜனங்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். நடுத்தரையில் நெருப்பு எரிய, புகை தலைக்கு மேல் தொங்க, எஜமானனும் மாட்டுக்காரனும் ஒரே வெளியில் அமர்ந்த வீட்டுக்குள் நுழைந்து பார்க்கும் சந்தர்ப்பம் அரிது. இருமிக் கொண்டாவது அதைப் பார்க்கத்தான் வேண்டும். குடிபோன வீட்டில்தான் இந்த உரிமையை எடுத்துக் கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜனங்கள் வாழும் வீட்டில் புகைபோக்கியைப் பிடுங்க ஆராய்ச்சிக்காரனுக்கு அதிகாரம் கிடையாது.

நஷ்டம் வேறோர் இடத்தில் இருக்கிறது. மரத்தைக் கொண்டு வர முடிந்தது. மண்ணைக் கொண்டு வர முடியவில்லை. அந்த ஓக்குகளை ஈன்ற களிமண், அந்த வீட்டுக்காரன் உழுத வயல், வாசலில் நின்றால் தெரிந்த அந்தப் பள்ளத்தாக்கு எல்லாம் கென்ட்டிலேயே நின்றுவிட்டன. பண்ணைவீடு என்ற சொல்லில் வீடு இடம் பெயர்ந்தது, பண்ணை பெயரவில்லை. காப்பாற்றிய பெருமையைப் பேசும்போது இதையும் கணக்கில் எழுதி வைப்பதுதான் நேர்மை.

ஆயினும் அந்தத் தச்சனை நினைத்துப் பார்க்கிறேன். அழியாத கட்டடம் எழுப்ப வேண்டும் என்று அவன் கனவு கண்டிருக்க மாட்டான். ஒரு யோமனிடம் பேசிய கூலிக்கு ஒழுங்காக வேலை செய்தான்; நாளைக்கு ஏற்றப் போகும் உதவியாள் தடுமாறக் கூடாதே என்று இரண்டு மரங்களில் ஒரே மாதிரி நான்கு கோடுகள் கீறினான். அதற்கு மேல் அவன் ஆசைப்படவில்லை. கல்லில் கோட்டை கட்டிய பிரபுக்களில் எத்தனையோ பேருடைய சுவர்கள் இடிந்து போயின. பெயர் மட்டும் புத்தகத்தில் இருக்கிறது. இவன் பெயர் எங்கும் இல்லை. இவன் கழுந்து இவன் துளையில் இருக்கிறது.